பெக்கி சூ எடுத்த போன்

ஜூன் 7, 2025, சனி

பிளஸ் டூ முடித்து இருபத்தைந்து வருஷம். வாட்ஸப் குழுவில் பள்ளித் தோழிகள் சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். மண்டபமா, ரிசார்ட்டா என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. எனக்கு 'பெக்கி சூ காட் மேரிட்' ஞாபகம் வந்துவிட்டது. இருபது வயதில் பார்த்த படம். சிரித்துவிட்டு எழுந்து போன நினைவு. இன்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மறுபடி போட்டேன்.

1986-ல் வந்தது. எடுத்தவர் 'காட்ஃபாதர்' எடுத்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. கலிஃபோர்னியாவில் சாண்டா ரோசா, பெட்டலூமா பக்கம் எடுத்திருக்கிறார்கள். பெக்கி சூவுக்கு நாற்பத்துச் சொச்சம் வயது, இரண்டு பிள்ளைகள், விலகிப்போன கணவன். இருபத்தைந்தாம் ஆண்டு பள்ளிச் சந்திப்பில் அவளை ராணியாகத் தேர்ந்தெடுத்துக் கிரீடம் வைக்கிறார்கள். மயங்கி விழுகிறாள். கண் விழித்தால் 1960. பள்ளிக்கூடத்தில் ரத்த தானம் நடக்கிறது, கட்டிலில் இவள்.

அந்த முதல் காட்சியிலேயே நின்றுவிட்டேன். பெக்கி சூ கண்ணாடி முன் உட்கார்ந்து சந்திப்புக்குத் தயாராகிறாள். உண்மையில் அங்கே கண்ணாடி கிடையாது, வெறும் சட்டம். நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் டூப். அந்தப் பக்கமிருந்து நம்மைப் பார்ப்பவர்தான் பெக்கி சூவாக நடித்த கேத்லீன் டர்னர். தெரிந்துகொண்டு பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றும்போதும் அந்த போன் காட்சிதான் மனசில்.

1960-ல் தன் பழைய வீட்டுக்குள் நுழைகிறாள். அம்மா இளமையாக நிற்கிறார். தங்கை சின்னப் பெண் (கொப்போலாவின் மகள் சோஃபியாவே நடித்திருக்கிறார்). பெக்கி சூ ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்க்கிறாள். போன் அடிக்கிறது. சும்மா எடுக்கிறாள். மறுமுனையில் பாட்டி. என்றைக்கோ செத்துப்போன பாட்டி, சாதாரணமாக, தினமும் பேசுகிறவர் மாதிரி பேசுகிறார். இவளுக்குக் குரல் எழும்பவில்லை.

எங்கள் அப்பாயி போனை எடுத்தால் ஹலோ சொல்லாது. "யாரு, பெரியவளா?" என்றுதான் ஆரம்பிக்கும். தம்பி பேசினாலும் அதே கேள்விதான். டயலில் பூட்டுப் போட்ட கறுப்பு போன், அதன்மேல் அப்பாயியே பின்னிய வலைத்துணி. அந்தக் குரல் எந்த கேசட்டிலும் இல்லை. படத்தை அதே இடத்துக்கு மூன்று முறை ஓட்டினேன்.

இந்தக் காட்சி இப்படி அடிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பதினேழு வயதுக்கென்று தனியாக ஒரு சின்னப் பெண்ணைத் தேடாமல், முப்பதைத் தாண்டிய டர்னரையே குதிரைவால் கட்டி நிற்க வைத்தார்கள். அதனால் பள்ளிக்கூடப் பாவாடைக்கு மேலே எப்போதும் நாற்பது வயதின் கண்கள் தெரிகின்றன. ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தார்கள், கிடைக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

ஆபீஸிலிருந்து வர லேட். சிரித்த இடங்களை மட்டும் எழுதி வைக்கிறேன். அல்ஜீப்ரா பரீட்சையில், பின்னாளில் இதற்கு எந்த உபயோகமும் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன் என்று வாத்தியாரிடமே சொல்கிறாள். அப்பா பெருமையாக எட்செல் கார் வாங்கி வர, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஃபோர்டு 1957-ல் கொண்டுவந்து, விற்காமல் 1959-லேயே நிறுத்திய கார் அது.

ஜூன் 14, சனி

இன்று மகளோடு பார்த்தேன். அவளுக்குப் பதினாறு. பெக்கி சூவின் காதலனாக, பின்னாளில் கணவனாகப்போகும் சார்லியாக வரும் நிக்கோலஸ் கேஜின் குரலைக் கேட்டதும் முகம் சுளித்தாள். மூக்கால் பேசும் கீச்சுக் குரல். களிமண் பொம்மைத் தொடரில் வரும் ஒரு குதிரையின் குரலை வைத்துப் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கேஜ் கொப்போலாவின் அண்ணன் மகன். முதலில் எனக்கும் உறுத்தியது. இப்போது அந்தக் குரல் சரியாகவே படுகிறது. பாட்டுக்காரனாகும் கனவோடு திரிகிற, தொண்டை இன்னும் முற்றாத பையன் அவன். பின்னாளில் டிவி விளம்பரத்தில் கூச்சல் போட்டுச் சாமான் விற்கப்போகிறவன்.

பாதியில் மகள் கேட்டாள்: "ஏம்மா, இவ அந்தப் பையன வேணாம்னு சொல்லிட்டா, இவ பிள்ளைங்க பொறக்கவே மாட்டாங்கல்ல?"

சும்மா பாருடி என்றேன். கொஞ்ச நேரத்தில் லாக்கெட் வந்தது. சார்லி பிறந்தநாளுக்குக் கொடுக்கிறான். திறந்தால் உள்ளே அவனும் அவளும் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்கள். அவள் கண்ணுக்குத் தெரிவதோ தன் மகனும் மகளும். டர்னரின் முகத்தில் அந்த ஒரு நொடி போதும். மகள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

முடிவைப் பற்றி ராத்திரி முழுக்க யோசனை. சார்லியைப் படம் கொஞ்சம் லேசாக விட்டுவிடுகிறது என்றுதான் இன்னும் தோன்றுகிறது. இன்னொரு பெண்ணோடு போய் அவன் செய்த துரோகத்துக்கு இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்த பெக்கி சூ, வீட்டுக்குத் திரும்பி வா என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சாப்பிட வரச் சொல்கிறாள், ஸ்ட்ரூடல் செய்து வைக்கிறாளாம். 1960-ல் பாட்டி செய்த அதே பலகாரம். எத்தனை வருஷக் கோபத்துக்கும் ஒரு சாப்பாட்டு அழைப்பு, அவ்வளவுதான். அந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது.

பெக்கி சூவின் தாத்தா சொல்வது ஒன்று விட்டுப்போச்சு. திரும்ப வாழக் கிடைத்தால் என்ன மாற்றுவீர்கள் என்று பேத்தி கேட்க, பல்லை இன்னும் நன்றாகக் கவனித்திருப்பேன் என்கிறார்.

குழுவில் ஆகஸ்ட் மாதம் என்று முடிவாகியிருக்கிறது. வருகிறேன் என்று போட்டுவிட்டேன்.