ஐஸ் கட்டிக்குள் மீயொலி: லேப் குறிப்புகள்

ஜனவரி 5

ஐஸுக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கவேண்டும். முதலில் வெறும் நீர். இளங்கலை மாணவர்கள் பயன்படுத்தும் இன்டர்ஃபெரோமீட்டர்தான்: அடியில் 2 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம், மேலே மைக்ரோமீட்டர் திருகோடு நகரும் தகடு. திருகத் திருக மீட்டர் முள் ஏறி இறங்கும். ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே அரை அலைநீளம். 29 டிகிரியில் 10 உச்சிகளுக்கு 3.77 மி.மீ.; கணக்குப் போட்டால் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1508 மீட்டர்.

நீர் குளிரக் குளிர இது குறையும். 1826இல் கொலடான், ஸ்டர்ம் என்ற விஞ்ஞானிகள் ஜெனீவா ஏரிக்குள் மணியடித்து, 8 டிகிரி நீரில் 1435 என்று கண்டார்கள். இன்றைய மதிப்பு 1439. அந்தக் காலத்து ஏற்பாட்டுக்கு இவ்வளவு துல்லியமா! 0 டிகிரி நீரில் 1402தான். அதே நீர் உறைந்ததும் 3800ஐத் தாண்டிவிடும்.

ஜனவரி 7

சிவில் துறையிலிருந்து கான்கிரீட் சோதிக்கும் யு.பி.வி. (மீயொலித் துடிப்பின் வேகம் அளக்கும்) கருவியை இரவல் வாங்கினேன். 54 கிலோஹெர்ட்ஸ். இரண்டு ப்ரோப், ஒன்று துடிப்பை அனுப்பும், மற்றொன்று வாங்கும், நடுவில் ஆன நேரத்தைத் திரை காட்டும். அவர்களுடைய 15 செ.மீ. கனசதுர பிளாஸ்டிக் மோல்டிலேயே ஐஸ் உறையவைத்தாயிற்று. "கான்கிரீட்டுக்கு 28 நாள் காத்திருப்போம், உங்களுக்கு ஒரே ராத்திரியா சார்?" என்று அங்குள்ள அண்ணன் கேலி செய்தார்.

ரீடிங் வரவே இல்லை. இடைவெளி இல்லாமல் ஒட்டுவதற்காக ப்ரோப்பில் தடவிய கிரீஸ் குளிரில் கெட்டியாகி, ப்ரோப்புக்கும் ஐஸுக்கும் நடுவே காற்று நின்றுவிட்டது. அலைக்குக் காற்று கிட்டத்தட்டச் சுவர் மாதிரி. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்கூடத் தாண்டாது. வெறுத்துப்போய் டீ குடித்துவிட்டு வந்தால், மேற்பரப்பு லேசாக உருகி, திரையில் 39.4 மைக்ரோநொடி அசையாமல் நிற்கிறது. 3807 மீட்டர். உருகிய அந்த மெல்லிய நீர்ப்படலம் கிரீஸைவிட நன்றாக வேலை செய்தது.

ஜனவரி 8

அடுத்து, துளைகள் உள்ள ஐஸ்: ஐஸை உடைத்து மோல்டில் நிரப்பி, மறுபடி உறையவைத்த கட்டி. துண்டுகள் தொடும் இடங்களில் ஒட்டிக்கொண்டு கழுத்து போல் ஆகியிருக்கின்றன. எடை 1.9 கிலோ. முழு ஐஸாக இருந்தால் சுமார் 3.1 கிலோ வரவேண்டும். ஆக 39 சதவீதம் காலி இடம். நேரம் 63 மைக்ரோநொடி, வேகம் 2380. துடிப்பு அந்தக் கழுத்துகள் வழியாகத்தான் போகவேண்டும்.

ஜனவரி 9

துளைகளில் ஐஸ் நீர் ஊற்றினேன். மடத்தனம். கட்டி மைனஸ் 18இல் இருந்தது; ஊற்றிய நீர் துளைகளின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. ஒரு கிராம் ஐஸ் 0க்கு வர 38 ஜூல்தான் எடுக்கும், ஒரு கிராம் நீர் உறையவோ 334 ஜூல் இழக்கவேண்டும். எல்லா நீரும் உறையாதுதான். ஆனால் மேல்துளைகளை மூட அதுவே போதும். புதிய கட்டி.

ஜனவரி 11

இந்தத் தடவை கட்டியை பாலிதீனில் இறுக்கிச் சுற்றி, உள்ளே 0 டிகிரி வரும்வரை, வெப்பநிலை காட்டும் தெர்மோகப்பிளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஊற்றினேன்.

நேரம் 63 போய் 61. அவ்வளவுதான்! துளை முழுக்க நீர் நிறைந்தால் வேகம் எகிறும் என்று பந்தயம் கட்டியிருந்தேன். சாயங்காலம் பேப்பரில் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: நீர் கட்டியை இறுக்கமாக்குகிறது, கூடவே கனமாகவும் ஆக்குகிறது. அடர்த்தி 0.56இலிருந்து 0.95. ஒன்று வேகத்தைக் கூட்ட, மற்றது குறைக்க, மிஞ்சியது 2 மைக்ரோநொடி. அரை மணி நேரத்தில் 66 ஆனது. கழுத்துகள் உருகி மெலிகின்றன போல.

நீர் நிறைந்த துளைப் பொருள்களில் ஓடும் என்று 1956இல் இயற்பியலாளர் மாரிஸ் பயோ சொன்ன இன்னொரு மெதுவான அலையும் இதற்குள் ஓடவேண்டும்; அதில் ஐஸ் சட்டமும் நீரும் எதிரெதிராக அசையும். பிளோனா 1980இல் அதை நேரில் பிடித்தது நீரில் ஊறிய கண்ணாடி மணிகளில், மெகாஹெர்ட்ஸ் அளவு அலைகளை வைத்து. என்னிடம் இருப்பது 54 கிலோஹெர்ட்ஸ், அதுவும் முதலில் வரும் துடிப்பை மட்டும் எண்ணும் கருவி. பொங்கல் கழித்துக் கருவியைத் திருப்பித் தரவேண்டும். ஃப்ரீசரில் இன்னும் இரண்டு கட்டிகள் இருக்கின்றன. ஜூஸில் போடக்கூடாது என்று மேலே சீட்டு ஒட்டியிருக்கிறேன்.