ஐயை நடந்த வழி: ஒரு தொடர்கதையும் அதன் வாசகர்களும்

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதைக்கு முன்னால் உரைப்பாட்டு மடை என்னும், உரைநடை போன்ற ஒரு சிறிய பகுதி இருக்கிறது. கண்ணகியின் தோழி தேவந்தி, செவிலித்தாய், அடித்தோழி ஆகிய மூவரும் புகாரிலிருந்து மதுரைக்கு வருகிறார்கள். கண்ணகிக்கும் கோவலனுக்கும் தன் வீட்டில் இடம் கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரி, அந்த அடைக்கலப் பொருளைக் காக்க முடியாமல் போனதால் உயிர்விட்டதை அங்கே கேட்டறிகிறார்கள். பின்பு அவள் மகள் ஐயையோடு சேர்ந்து வையையின் ஒரு கரையைப் பிடித்து நடந்து, பெரிய மலையின் மேலேறி, சேர நாட்டுக்குள் நுழைந்து செங்குட்டுவனைக் காண்கிறார்கள். இளங்கோவடிகள் இந்த நெடும் பயணத்துக்குச் செலவிட்டது ஒரு வாக்கியத்தின் ஒரு பகுதி மட்டுமே. அந்த ஒரு பகுதியைத்தான் நான் சில காலமாகத் தொடர்கதையாக எழுதி வருகிறேன். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று இளைஞர்கள் சொல்லும் ரசிகர் புனைகதை வகையைச் சேர்ந்தது இது. கதைக்கு 'ஐயை' என்றே பெயர் வைத்திருக்கிறேன். அதை எழுதிப் பார்த்த அனுபவத்தையும், மாந்தர்களைப் பற்றி வாசகர்களோடு நடந்த வாதங்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

குமுளியில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் ஜெராக்ஸ் எடுத்துச் சிலரிடம் கொடுப்பேன். ஒரு பிரதி கூடலூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்குப் போகும். இன்னொன்று, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காலையில் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் பெண்களிடம் போகும். அவர்களில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஓர் அக்கா, மதியச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். தமிழை வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்ளும் ஒரு மலையாளத்துச் சேச்சி எங்கள் ஸ்டோரிலேயே காய் தரம் பிரிக்கிறார். அவருக்கு நானே படித்துச் சொல்வேன்.

ஐயையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மூலத்தில் அவளுக்கு இருக்கும் இடம் அவ்வளவு குறைவு என்பதே. கொலைக்களக் காதையில் கண்ணகி கோவலனுக்காகச் சமைக்கும்போது வைக்கோல் நெருப்பு மூட்டிக் கொடுப்பவள் ஐயை. கோவலன் உண்ணும் அழகைக் கண்டு தாயும் மகளும் வியக்கிறார்கள். ஆய்ச்சியர் குரவையில் தீய நிமித்தங்களைப் பற்றி மாதரி அவளிடம் பேசுகிறாள். வாழ்த்துக் காதையில் தேவந்தி அவளைக் கண்ணகிக்குச் சுட்டிக் காட்டுகிறாள். அவள் தனியே வாய்திறந்து தன் மனத்தைச் சொல்லும் இடம் காண்பது அரிது. மேலும், புகார், மதுரைக் காண்டங்களின் பெரும்பகுதிக்குத் துணையாக வரும் அடியார்க்குநல்லார் உரை வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மூலமும் உரையும் ஒருசேர மௌனமாக இருக்கும் ஓர் இடம் எழுதுபவனுக்கு வாய்க்கிறது.

அந்த மௌனத்தின் எல்லை எதுவரை என்பதைத் தீர்மானிப்பதில் வாசகர்கள் என்னைவிடக் கறாராக இருக்கிறார்கள். தொடக்கத்திலேயே தமிழாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். "ஐயைக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுங்கள். கண்ணகி வாயில் மட்டும் புதிதாக ஒரு சொல்லையும் வைக்காதீர்கள்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன், இன்றுவரை மீறவில்லை. என் கதையில் கண்ணகி, ஐயையின் நினைவில் மட்டுமே வருகிறாள், அங்கேயும் பேசுவதில்லை. பானையை எப்படிப் பிடித்தாள், புகையில் கண் சிவந்தபோது முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாள் என்பவை மட்டுமே ஐயைக்கு நினைவிருக்கின்றன. ஒரே நாள் பழகிய விருந்தாளியைப் பற்றி ஒரு பெண்ணுக்கு வேறென்ன நினைவிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெருப்பைப் பற்றித்தான் முதல் வாதம் மூண்டது. கண்ணகியின் அடுப்பை மூட்டியவள் ஐயை. அதன்பின் மதுரை எரிந்தது. அதன்பின் தாய் தீப்புகுந்தாள். எனவே பயணத்தில் அவள் நெருப்பின் பக்கமே போகமாட்டாள் என்று நான் திட்டமிட்டிருந்தேன். அந்த அத்தியாயத்தைக் கேட்ட தோட்டத்துப் பெண்கள் இதை ஏற்கவில்லை. "மலையில ராத்தங்குறப்ப தீ இல்லாம எப்படித் தம்பி? மாடு மேய்க்கிற வீட்டுப் புள்ளைக்கு அது தெரியாதா? கூட வர்ற மூணு பேரும் பட்டணத்துப் பொம்பளைங்க. அவதான் மூட்டணும்" என்று வாசித்துக் காட்டும் அக்கா சொல்லி அனுப்பினார். அச்சத்தால் விலகுபவள் என்பதைவிட, அச்சம் இருந்தும் மற்றவர்களுக்காக மூட்டியே ஆகவேண்டியவள் என்பது ஐயைக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. இப்போது ஒவ்வோர் இரவும் அவளே சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுகிறாள். மூட்டியபின் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் ஏன் அப்படி உட்காருகிறாள் என்று தேவந்தி ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

தேவந்தியைப் பற்றி ஆசிரியருக்கும் பெண்களுக்கும் நேர் எதிரான கருத்து. கனாத்திறம் உரைத்த காதையில், கணவனை மீட்கச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழும்படி கண்ணகிக்கு யோசனை சொல்பவள் இவள். கண்ணகி அதைப் பெருமையன்று என மறுத்துவிடுகிறாள். ஆசிரியருக்குத் தேவந்தி, எப்போதும் சடங்கையே தீர்வாகச் சொல்லும் ஒரு மாந்தர். பெண்களோ அவளுடைய சொந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். பாசண்டச் சாத்தன் மனித உருவில் அவளோடு வாழ்ந்துவிட்டு, தன் கோயிலுக்கு வா என்று சொல்லி மறைந்துபோகிறான். அவளோ கணவன் தீர்த்த யாத்திரை போயிருக்கிறான் என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டு கோயிலே கதியென வாழ்கிறாள். புருஷன் போன இடத்தைப் பற்றி ஊருக்கு ஒரு கதை சொல்லவேண்டிய நிலைமை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அவர்கள் கேட்டபோது, தேவந்தியின் பேச்சு முழுவதையும் நான் வேறு காதால் கேட்கத் தொடங்கினேன். வழிநெடுக அவள் ஓயாமல் பேசுவதை அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு, யாரும் எதையும் கேட்டுவிடாதபடி முந்திக்கொள்ளும் பேச்சாகிவிட்டது. ஆசிரியர் இதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

பாதையைப் பற்றிய கேள்வியை எழுப்பியவர் பெண்களை ஏற்றிவரும் ஜீப் ஓட்டுநர். வையைக் கரையைப் பிடித்தே நடந்தால் வருசநாட்டு மலைக்கல்லவா போய்ச் சேர வேண்டும், கம்பம் பள்ளத்தாக்குக்குள் எப்படி வருவார்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளத்தாக்கின் ஆறு தேனிப் பக்கம் போய்த்தான் வையையில் கலக்கிறது. ஆகவே நால்வரும் ஓரிடத்தில் பெரிய ஆற்றை விட்டுக் கிளையாற்றைப் பிடித்தாக வேண்டும். அந்த முடிவை நான் ஐயையிடம் கொடுத்தேன். கோடையில் மாடுகளை மேற்கே மலைக்கு ஓட்டிப்போகும் கீதாரிகளின் தடத்தை அவள் அடையாளம் காண்கிறாள். அதுவரை வழிநடத்திய தேவந்தி அங்கே பின்னால் நடக்கத் தொடங்குகிறாள். இடச்சிக்கல் ஒன்று மாந்தர்களின் வரிசையையே மாற்றிவிட்டது. என் கதையில் அந்தக் கிளையாறு ஏன் இவ்வளவு மெலிந்து ஓடுகிறது என்று ஒருவர் கேட்டார். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, குகைவழி நீர் கிழக்கே வந்த பிறகு நாம் பார்க்கும் ஆறு இது. ஐயை பார்த்திருக்கக்கூடியது அதுவல்ல.

மலையுச்சியை மங்கலதேவிக் கோட்டமாகவே கொண்டிருக்கிறேன். புலவர் சி. கோவிந்தராசனார் 1963இல் அதைக் கண்ணகி கோட்டம் என அடையாளப்படுத்தியதும், இளங்கோ சொல்லும் நெடுவேள் குன்றம் எது என்பதில் வேறு கருத்துகள் இருப்பதும் தெரிந்தவையே. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சித்திரா பௌர்ணமியன்று மட்டும் பொதுமக்களை மேலே விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் போகலாம். கதைக்காக நான் பளியன்குடி வழியைத் தேர்ந்தேன். செவிலித்தாயின் வயதில் அந்த ஏற்றம் என்ன செய்யும் என்பதை நடந்து பார்த்தால்தான் எழுத முடியும். மலையில் அவர்கள் சந்திக்கும் குன்றக்குறவர்களுக்கு இன்றைய எந்தக் குடியின் பெயரையும் நான் சூட்டவில்லை.

அந்தக் குன்றக்குறவர் காட்சியில்தான் சேச்சி குறுக்கிட்டார். என் கதையில், வேங்கை மரத்தடியில் கண்ணகியைக் கண்ட ஒருத்தி, மதுரையில் அரசன் தன் தவறு தெரிந்ததும் அரியணையிலேயே வீழ்ந்து உயிர்விட்டதாகச் சொல்கிறாள். சிலம்பின்படி அதுவே சரி. "அதெங்ஙனெ? கண்ணகி தானே அவனைக் கொன்னது" என்றார் சேச்சி. திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயிலில் பொங்கல் விழாவின்போது பாடப்படும் தோற்றம்பாட்டில், பாண்டியன் கண்ணகியின் கையால் வதைக்கப்படுகிறான். அந்தப் பகுதி பாடி முடிந்த பின்னரே பொங்கல் அடுப்புக்குத் தீ வைக்கிறார்கள். அவர் அறிந்த கண்ணகி அவள். இதை ஒரு கருத்து வேறுபாடாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவும் அந்தப் பக்கம் ஒரு முடிவும் இருக்கும்போது, மலையின் மேல் இருப்பவள் எதைச் சொல்வாள்? அந்தக் காட்சியைத் திருத்தி, இரண்டு குறத்தியரை வைத்தேன். ஒருத்தி அரசன் தானே விழுந்தான் என்கிறாள். மற்றவள் இவள்தான் கொன்றாள் என்கிறாள். மதுரையிலேயே இருந்த ஐயையைப் பார்த்து இருவரும் உண்மையைக் கேட்கிறார்கள். அரண்மனைக்குள் போகாத ஐயைக்குத் தெரிந்ததெல்லாம் இடைச்சேரியில் கேட்ட கூக்குரல் மட்டுமே. இதுவரை எழுதியவற்றில் எனக்கு நிறைவு தந்த அத்தியாயம் இது.

இப்போது நிற்கும் இடம் எல்லாவற்றையும்விடக் கடினமானது. வரந்தரு காதையில், கண்ணகி கோயிலில், மூன்று சிறுமியர் மேல் கரகத்து நீரைத் தெளிக்க, அவர்கள் முற்பிறப்பு உணர்ந்து புலம்புகிறார்கள். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களாகக் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் பிறந்திருக்கிறார்கள். சேடக்குடும்பியின் சிறுமகளாக மாதரி பிறந்திருக்கிறாள். அதாவது ஐயையின் தாய், ஒரு குழந்தையாக, அதே கோயில் வளாகத்தில் இருக்கிறாள். அந்தக் குழந்தை, வையைத் துறையிலிருந்து திரும்பி வந்து வீட்டில் காணவில்லையே, இளையவனே எங்கே ஒளிந்தாய் என்று கோவலனைத் தேடி அழுகிறது. பெற்ற மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த இடத்தில் ஐயை நின்றாளா, கேட்டாளா என்பதையும் அடிகள் சொல்லவில்லை.

ஆசிரியர் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வடதிசை சென்ற செங்குட்டுவன் வஞ்சியை விட்டு நீங்கி 32 மாதங்கள் ஆனதாக நீர்ப்படைக் காதை சொல்கிறது. எனவே மாதரியாகப் பிறந்த குழந்தை மழலை தாண்டியிருக்க வாய்ப்பில்லை, அதன் வாயில் வரும் தெளிந்த சொற்கள் தெய்வச் செயலாகத்தான் இருக்க முடியும், ஆகவே அது தாயின் மனமன்று என்பது அவர் வாதம். மகளை மறந்த தாய் என்ற பழி மாதரிக்கு வராமல் காப்பாற்றுகிறார். ஆசிரியரின் மாதரிப் பற்று எனக்குப் புரிகிறது என்றாலும், கதைக்கு இது உதவாது. குழந்தை வாயில் வந்தது தாயின் சொல்லே அல்ல என்றால், ஐயைக்கு அங்கே எதுவுமே நிகழாது.

தோட்டத்துப் பெண்களிடம் இதை எழுதும் முன்பே சொல்லிக் கருத்துக் கேட்டேன். முதலில் கோபந்தான் வந்தது. பெற்ற பிள்ளையை அநாதையாக விட்டுத் தீப்புகுந்ததும் அல்லாமல், மறுபிறவியிலும் ஊரார் பிள்ளையைத் தேடுகிறாளா என்று ஒருவர் கேட்டார். பின்னர் அவர்களிலேயே வயதில் மூத்த அம்மா ஒருவர் சொன்னார்: "அவ பொழுதுக்கும் தேடுறது தொலைச்ச பொருளத்தான். மக தொலையலயே, உசுரோட விட்டுட்டுத்தான போனா." காலையில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மலையேறும் பெண்கள் அதற்கு எதிராக எதுவும் பேசவில்லை என்று அக்கா பின்பு என்னிடம் தெரிவித்தார்.

அந்த விளக்கத்தையே எடுத்துக்கொள்வதென முடிவு செய்திருக்கிறேன். ஆனால் அதை யாரும் கதைக்குள் ஐயைக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை. தேவந்தி சொல்ல முயல்வாள், அவள் இயல்பு அது. அவளுக்குச் சாமி வந்து அரசன் முன்னால் பேசும் கட்டமும் கிட்டத்தட்ட அங்கேயே நிகழ்வதால், அவளுக்கு நேரம் இருக்காது. ஐயை அந்தக் குழந்தையைத் தூக்குவாளா என்பதில் மட்டும் நான் இன்னும் உறுதியாக இல்லை. இரண்டு வடிவங்கள் கையில் இருக்கின்றன. தூக்கும் வடிவத்தைச் சேச்சிக்குப் படித்துக் காட்டினேன். குழந்தையைப் பெற்றவள் பக்கத்தில் நிற்பாளே, அவள் விடுவாளா என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். சேடக்குடும்பியின் மனைவிக்கு மூலத்தில் பெயர்கூட இல்லை. அவளை அந்தக் காட்சிக்குள் கொண்டுவந்தால் ஐயையின் கைக்கும் குழந்தைக்கும் நடுவில் ஓர் ஆள் வந்துவிடுகிறாள். தற்போது அந்த வடிவத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காய் எடுப்பு மும்முரமாகிவிட்டால் மதிய வாசிப்பு நின்றுபோகும். அதற்குள் இந்த அத்தியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து வரப்போகும் வாதம் எதுவென்று இப்போதே தெரிகிறது: நாள்வழிபாட்டுக்குத் தேவந்தியை அரசன் நியமித்துவிட்ட பிறகு ஐயை எங்கே போவாள்? மதுரைக்குத் திரும்பவேண்டும் என்கிறார் ஆசிரியர். கோயிலிலேயே இருக்கட்டும் என்கிறார் சேச்சி. தாய் தீப்புகுந்த ஊருக்கு அவள் போகமாட்டாள், பூசை செய்யவும் அவளுக்குத் தெரியாது, மேற்கே மாடு மேயும் இடம் எதுவோ அங்கே போய்ச் சேருவாள் என்று பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரியாற்றங்கரைப் புல்வெளிகளை மனத்தில் வைத்து நானும் அந்தப் பக்கமாகவே குறிப்பு எடுத்து வருகிறேன்.