வெள்ளத்தில் ஆசிட் வெளியே போனால் யார் பணம் கட்டுவது? மாசுப் பொறுப்புக் காப்பீடு எடுத்த அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு சின்ன ஜிங்க் பிளேட்டிங் யூனிட் நடத்துகிறோம். போல்ட், கிளாம்ப், பிராக்கெட் என்று வண்டி உதிரிபாகங்களுக்கு முலாம் போடும் வேலை. எங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று போன வருஷம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போது புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டது: நம் இடத்திலிருந்து மாசு வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் வந்தால் அதற்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு சப்ளையரிடம் இருக்க வேண்டும், நகலும் தர வேண்டும். இதைப் பற்றித் தமிழில் தேடினால் மெடிக்ளைமும் வண்டி இன்சூரன்ஸும்தான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஃபயர் பாலிசி இருக்கே, அதுல வராதா?" என்று மச்சான் கேட்டான். வராது. அது நம் கட்டடம், மெஷின், சரக்குக்கு. சரி, பப்ளிக் லயபிலிட்டி பாலிசி ஒன்று ஏற்கனவே வைத்திருக்கிறோமே, அது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குத்தானே என்று எடுத்துப் பார்த்தால், விலக்குப் பகுதியில் மாசு சம்பந்தப்பட்ட எதற்கும் காசு கிடையாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. முலாம் பூசும் பட்டறையில் அடுத்தவருக்கு என்ன சேதம் வரப் போகிறது, மாசைத் தவிர? வெளியாள் யாராவது கேட்டுக்குள்ளே வழுக்கி விழுந்தால் மட்டும் காசு வரும் பாலிசிக்கு இத்தனை வருஷம் ப்ரீமியம் போயிருக்கிறது.

முதலில் வந்த ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றதும் ஆளைக் காணவில்லை. அப்புறம்தான் தொழிற்சாலை இன்சூரன்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு புரோக்கரைப் பிடித்தோம். அவர் உட்கார வைத்துச் சொன்னதில் முதல் விஷயம் 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். 1984 போபாலுக்குப் பிறகு வந்தது. அபாயகரமான பொருளைக் கையாளும் இடத்தில் விபத்து நடந்தால், யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் பாதிக்கப்பட்டவர் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து நிவாரணம் வாங்கலாம். விபத்து நடந்து ஐந்து வருஷத்துக்குள் மனு போட வேண்டும். நம் தொழிலாளிகள் இதில் வர மாட்டார்கள், அவர்களுக்கு வேறு சட்டம். இந்தப் பாலிசிக்கு நாம் கட்டும் ப்ரீமியத்துக்குச் சமமான இன்னொரு தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் இது கட்டாயம் கிடையாது. எந்தப் பொருள், எவ்வளவு அளவுக்கு மேல் இருந்தால் கட்டாயம் என்று மத்திய அரசு 1992-ல் ஒரு பட்டியல் அறிவித்தது. எங்கள் கெமிக்கல் ஸ்டாக் ரிஜிஸ்டரை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தோம், எங்கள் இருப்பு அந்த அளவைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் அது போதாது. அந்தச் சட்டம் வந்தபோது உயிரிழப்புக்கு வைத்த நிவாரணம் 25,000 ரூபாய், சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். உடனடி உதவி என்ற கணக்கில் வைத்தது அது. மிச்ச இழப்பீட்டுக்குக் கோர்ட்டுக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போகும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பெரிய தொகையிலிருந்து நம்மைக் காப்பாற்ற வேறு பாலிசி வேண்டும்.

இந்த இடத்தில்தான் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு வழிகள். ஒன்று, சாதாரண இண்டஸ்ட்ரியல் பப்ளிக் லயபிலிட்டி பாலிசியிலேயே கூடுதல் ப்ரீமியம் கட்டி, திடீரென்று எதிர்பாராமல் நடக்கும் மாசைச் சேர்த்துக்கொள்வது. இன்னொன்று, என்விரான்மென்டல் இம்பேர்மென்ட் லயபிலிட்டி என்று தனிப் பாலிசி. டேங்க் உடைந்து ஆசிட் ஓடினால் முதல் வகை போதும். டேங்க் அடியில் வெடிப்பு விட்டு வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கி பக்கத்து போர்வெல்லைக் கெடுத்தால் அது காசு தராது, இரண்டாவது வகைதான் தரும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு குவியலாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தொழிலில் நிஜமான பயம் அந்த மாதிரிதான், ஆனால் விலை குறைவாகக் கிடைப்பது திடீர் மாசுக்கு.

முதல் வகைக்குக் கொட்டேஷன் வந்தது. மாசு எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் ப்ரீமியத்துக்கு மாசையும் சேர்க்கும் இணைப்பு) இருந்தது, லிமிட், அதாவது அவர்கள் தரும் அதிகபட்சத் தொகை, சரி, மச்சான் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டான். எனக்கு மட்டும் 2023 டிசம்பர் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. மிக்ஜாம் புயலில் எஸ்டேட் முழுக்கத் தண்ணீர். அதே வெள்ளத்தில்தான் மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போய், மீனவர்களின் வலையும் படகும் கறுப்பாகிப் போனது. சென்னையில் ஒரு பட்டறையிலிருந்து கெமிக்கல் வெளியே போக வேண்டுமென்றால் பெரும்பாலும் அப்படித்தான் போகும், மழையோடு. அதனால் புரோக்கருக்கு ஒரே ஒரு கேள்வி மெயிலில் போட்டேன்: வெள்ளம் ஷெட்டுக்குள் வந்து பிக்கிளிங் டேங்கில் (முலாமுக்கு முன் துரு எடுக்கும் தொட்டி) இருக்கும் ஆசிட்டைப் பக்கத்துக் கம்பெனிக்கு அடித்துக்கொண்டு போனால் இந்தப் பாலிசி காசு தருமா?

தராது என்று பதில் வந்தது. இந்தப் பாலிசிகளில் மாசு ஒரு விலக்கு, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றம் தனியாக இன்னொரு விலக்கு. ஒன்றைக் காசு கட்டி நீக்கினால் மற்றது நீங்காது. இரண்டு எண்டார்ஸ்மென்டும் சேர்ந்திருந்தால்தான் வெள்ளத்தால் வரும் மாசுக்குக் கிளைம் நிற்கும். கொட்டேஷனில் இரண்டாவது இல்லை, கேட்காமல் யாரும் சேர்க்கவும் மாட்டார்கள். கூடுதல் ப்ரீமியம் ஒன்றும் பயப்படும் அளவுக்கு இல்லை. இந்தப் பதிவில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பத்தியை உங்கள் புரோக்கருக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் புரபோசல் ஃபார்ம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் ஆர்டர் (யூனிட் நடத்த அனுமதி), அபாயக் கழிவு ஆதரைசேஷன், சைட் பிளான், ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள், டர்ன்ஓவர், பழைய புகார், நோட்டீஸ் ஏதாவது உண்டா என்று எல்லாம் கேட்பார்கள். கன்சென்ட் காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம் என்ற நிலையில் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் தெரிந்தே சட்ட விதியை மீறியிருந்தால் கிளைம் கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. பக்கத்து யூனிட்காரர் கொடுத்த பழைய புகார் ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று வீட்டிலேயே ஒரு சண்டை. எழுதினோம். மறைத்த விஷயம் கிளைம் நேரத்தில் வெளியே வந்தால் பாலிசியே செல்லாது என்று ஆக்கிவிடலாம்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த இன்ஜினியர் நான் எதிர்பார்த்த மாதிரி பேப்பரைப் புரட்டவில்லை. நேராக ஷெட்டுக்குள் போய் எங்கள் சூப்பர்வைசரிடம், "அண்ணே, மழைத்தண்ணி எந்தப் பக்கமா வடியும்?" என்றுதான் ஆரம்பித்தார். ஆசிட் டேங்கைச் சுற்றியிருக்கும் தடுப்புச் சுவர் உள்ளே இருப்பதிலேயே பெரிய டேங்கின் முழு அளவையும், அதற்கு மேல் பத்து சதவீதத்தையும் தாங்க வேண்டும் என்று டேப் வைத்து அளந்தார். சுவரில் 2023 தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, டிரம் வைக்கும் மேடை இந்தக் கோட்டுக்கு மேலே வர வேண்டும் என்றார். மழைநீர்க் கால்வாய்க்குப் போகும் வழியில் மூடித் திறக்கும் வால்வு ஒன்று வைக்கச் சொன்னார். ஸ்லட்ஜ் (கழிவுநீரில் மிஞ்சும் சேறு) 90 நாளுக்கு மேல் தேங்காமல் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்குப் போகிறதா என்று மேனிஃபெஸ்ட் (கழிவு வண்டியோடு போகும் சீட்டு) நகல்களைப் பார்த்தார். இவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்து முடிப்பது பாலிசியின் நிபந்தனையாகவே வந்தது. செய்யாமல் விட்டால் கிளைமில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஸ்லட்ஜ் ஏற்றிய வண்டி வழியில் கவிழ்ந்தால் என்ன என்று கேட்டேன். நம் இடத்துக்கு வெளியே நடப்பது இதில் சேராதாம், போக்குவரத்துக்குத் தனி எண்டார்ஸ்மென்ட். அதையும் வாங்கினோம்.

தனிப் பாலிசிக்கும் கொட்டேஷன் கேட்டிருந்தோம். அவர்கள் முதலில் மண்ணையும் போர்வெல் தண்ணீரையும் அங்கீகாரம் பெற்ற லேபில் சோதித்துக் கொடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கு இருக்கும் நிலை இது என்று பதிவு செய்துகொண்டால்தான் நாளைக்கு வருவது புதிதா பழையதா என்று பிரிக்க முடியும். ஷெட் ஓனருக்கு இது பிடிக்கவே இல்லை, "எதுக்கு சார் தோண்டிப் பாக்கறீங்க?" என்று முகம் சுளித்தார். ரிசல்ட்டில் மொத்த குரோமியம் குடிநீர்த் தர அளவான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேலே வந்தது. முலாமுக்கு மேல் போடும் பாதுகாப்புப் பூச்சில் (பாசிவேஷன்) நாங்கள் ஆரம்பத்திலிருந்தே விஷம் குறைந்த டிரைவேலன்ட் குரோமியம்தான், எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் விஷம் அதிகமான குரோமியம் உள்ள பழைய மஞ்சள் பாசிவேஷன் ஓட்டியவர்கள். யாருடையதாக இருந்தாலும் ஏற்கனவே இருக்கும் மாசுக்குக் கவர் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த ரிப்போர்ட் எங்கள் ஃபைலில் இருப்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

எந்தப் பாலிசியிலும் அபராதம் சேராது. வாரியமோ தீர்ப்பாயமோ அபராதமாக விதிப்பதை நாமேதான் கட்ட வேண்டும். முதல் வகையில் நம் சொந்த இடத்தைச் சுத்தம் செய்யும் செலவும் வராது. வக்கீல் செலவு லிமிட்டுக்குள்ளேயே அடங்கும் என்பதால், ஒரு விபத்துக்கு ஒரு கோடி, வருஷத்துக்கு மொத்தம் இரண்டு கோடி என்று கொஞ்சம் மேலேயே வைத்தோம். ப்ரீமியம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், டர்ன்ஓவர், லிமிட், தொழில் வகை மூன்றையும் வைத்து ஆளுக்கு ஆள் மாறும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

ரினியூவல் தேதியைத் தவற விடக் கூடாது. சம்பவம் நடந்த தேதி மட்டும் கணக்கில்லை, கிளைம் நம் கைக்கு வரும்போதும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். தொடர்ந்து புதுப்பித்தால் முதல் பாலிசியின் ஆரம்பத் தேதி வரை பின்னோக்கிக் கவர் இருக்கும், நடுவில் விட்டுப்போனால் அந்தப் பழைய தேதி போய்விடும். கம்பெனி மாற்றினாலும் பழைய தேதியையே புது பாலிசியில் போடச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

தனிப் பாலிசியை இந்த வருஷம் எடுக்கவில்லை. விலை எங்கள் சைஸுக்குத் தாங்கவில்லை, பழைய குரோமியத்தை விலக்கிய பிறகு மிச்சம் கிடைப்பதும் குறைவு. இப்போதைக்கு டேங்குகளைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வைத்து, அடியில் கசிவு தெரிகிறதா என்று வாராவாரம் சூப்பர்வைசர் பார்த்து நோட்டில் எழுதுகிறார். மச்சான் அந்தக் காசை வைத்து ஹீட்டர் மாற்றலாம் என்கிறான், எனக்கு அடுத்த ரினியூவலில் இன்னொரு தடவை கொட்டேஷன் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது.