காவிரிக் காசுக்கு 70-க்கு எத்தனை மார்க்?

பழங்காசு குரூப்களில் ஒரு படம் விழுந்தால் முதலில் வரும் கேள்வி இப்போதெல்லாம் "கிரேடு என்ன?" என்பதுதான். அதாவது, காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று பார்த்து 70-க்குப் போடும் மார்க். யார் போட்ட காசு, என்ன எழுதியிருக்கிறது, எங்கே கிடைத்தது என்பதெல்லாம் அப்புறம். கும்பகோணத்திலிருந்து பூம்புகார் வரை ஆற்றிலும் வயலிலும் கிடைக்கிற செப்புக்காசுகளுக்கு இந்த வரிசை ஒத்துவராது. கிரேடிங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. எந்தக் காசுக்கு அது உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்க்காததால் பணம் வீணாகிறது. பல நேரம் காசே வீணாகிறது.

இந்த 70 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தன் நாட்டுப் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 1986-ல் வேலையைத் தொடங்கிய பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு வந்த என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்கக் கிரேடிங் நிறுவனங்களும் அதையே எடுத்துக்கொண்டன. காசு அசல்தானா என்று பார்த்து, மதிப்பெண் போட்டு, 'ஸ்லாப்' என்கிற பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிக் கொடுப்பார்கள். 60 முதல் 70 வரை என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 50 முதல் 58 வரை என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ந்தது. 4, 6 என்று இறங்கினால் உருவத்தின் வெளிக்கோடுதான் மிச்சம். கழுவியது, சுரண்டியது, ஓட்டை போட்டது இவற்றுக்குப் பெரும்பாலும் எண் கிடைக்காது. 'டீடெயில்ஸ்' என்று எழுதிக் காரணத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். விலை அங்கேயே சரிந்துவிடும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது: காசு அக்கசாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும், அதிலிருந்து எவ்வளவு இழந்திருக்கிறது என்று அளக்கலாம். இயந்திரத்தில் அச்சடித்த காசுக்கு இது சரி. சோழர் செப்புக்காசு கையால் அடித்தது. அச்சு பெரிது, செப்புத் தகடு சிறிது. அடி ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் எழுத்தே விழாது. ஆக, ஒரு காசில் எழுத்து இல்லையென்றால் அது தேய்ந்து போனதா, முதலிலிருந்தே விழவில்லையா என்ற கேள்வி வருகிறது. இரண்டும் வேறு வேறு. என்ஜிசி இதைப் புரிந்துகொண்டுதான் தொல்காசுகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, தேய்மானத் தரத்தோடு அச்சு விழுந்த விதத்துக்கு 5-க்கு ஒரு மதிப்பெண், மேற்பரப்புக்கு 5-க்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகக் கொடுக்கிறது. நம் காசுகளைப் பார்க்கவும் இதுவே நல்ல முறை. காசை அனுப்பாமலே, வீட்டில் லென்ஸை வைத்துக்கொண்டு நாமே இப்படி எழுதி வைக்கலாம்.

ராஜராஜன் காசை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கையில் மலரோடு நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகே நாகரியில் மேலிருந்து கீழாக மூன்று வரி: ஸ்ரீ, ராஜ, ராஜ. இதே அமைப்பை இலங்கை அரசர்கள் பின்னால் நீண்ட காலம் அப்படியே பின்பற்றினார்கள். பராக்கிரமபாகு, விஜயபாகு, சாகசமல்லன், அரசி லீலாவதி எல்லோரும் இந்த நிற்கும், அமரும் உருவங்களோடுதான் காசு போட்டார்கள். மாறுவது பெயர் மட்டுமே. லீலாவதி காசில் எழுத்து 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று இருக்கும். அதில் கடைசி வரி தேய்ந்திருந்தால், முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு ராஜராஜன் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். குரூப்களில் 'ராஜராஜ சோழன் காசு, உறுதி' என்று விலை பேசப்படுவதில் இப்படிப்பட்ட இலங்கைக் காசு கணிசம். மூன்றாவது வரி தெளிவாகத் தெரியாத காசை 'நிற்கும் உருவ வகை' என்று மட்டும் எழுதி வைப்பதுதான் நேர்மை.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் சரியாக விழ வேண்டும். காசைச் சாம்பல் நிறத் தாளில் வைத்து, விளக்கை இடது மேல் பக்கமாகத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் மேடு நிழல் கொடுக்கும். மொபைல் பிளாஷ் நேராக அடித்தால் எல்லாம் மட்டமாகிவிடும். இரண்டு பக்கமும் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை, விட்டம். இவ்வளவும் போட்டுக் கேட்டால், தெரிந்தவர்கள் பதில் சொல்ல முடியும். மங்கலாக ஒரு படத்தைப் போட்டு "இது எவ்வளவு போகும்?" என்று கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும்.

குரூப்களால் வந்த பெருங்கேடு ஒன்று உண்டு. படத்தில் காசு பளபளவென்று இருந்தால் லைக் விழுகிறது, ஏலத்தில் கை உயர்கிறது. அதற்காகப் புளி, எலுமிச்சை, பீதாம்பரி என்று பித்தளைப் பாத்திரம் துலக்கும் சாமான் எல்லாம் காசின் மேல் ஏறுகிறது. புளியில் உள்ள அமிலம் செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பழுப்புப் படலத்தை முழுவதுமாகக் கரைத்துவிடும். அடியிலிருந்து வருவது ரோஸ் நிற வெறும் செம்பு. எழுத்தின் ஓரங்களும் கூடவே மழுங்கும். பல நேரம் அந்தப் படலத்தில்தான் எழுத்தே நிற்கிறது. அது போனால் படிக்கவும் ஒன்றும் இருக்காது. இப்படித் துலக்கிய காசைக் கிரேடிங்குக்கு அனுப்பினால் 'கிளீன்டு' என்ற குறிப்போடுதான் திரும்பும்.

செய்யக்கூடியது குறைவு. வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, மண் இளகியதும் மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளலாம். பழைய பிவிசி உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்த அசிட்டோன் ஊற்றி, தேய்க்காமல் முக்கி எடுக்கலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் அதற்கு மாற்று ஆகாது. அதில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். அடுப்பு எரியும் இடத்தில் அசிட்டோன் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

கடலோரத்துக் காசுகளுக்கு வேறொரு நோய். தரங்கம்பாடி, நாகை, பூம்புகார் மண்ணில் உப்பு அதிகம். செம்போடு சேர்ந்த குளோரைடு, காற்றில் ஈரம் ஏறும்போது அமிலமாகி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் அதுதான். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் கரும்பச்சைப் படலம் பயப்பட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். புதிய பச்சைப் புள்ளி முளைத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. பொடியைச் சுரண்டுவதால் மட்டும் நிற்காது. வாலைவடிநீரில் போட்டு, வாரா வாரம் நீரை மாற்றி, மாதக்கணக்கில் உப்பை இறக்க வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த ஜெல்லை அடிக்கடி வறுத்து மாற்றாவிட்டால் பயனில்லை. ஸ்லாபுக்குள் போனாலும் இந்த நோய் நிற்காது. ஸ்லாப் முழுமையாகக் காற்றை அடைக்கும் டப்பா அல்ல.

டேனிஷ்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை நம் கடற்கரையில் காசு புழக்கினார்கள். தொடக்கக் காலத்தவை ஈயக்காசுகள். அவற்றை மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைக்காதீர்கள். மரமும் அட்டையும் விடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையே பாதுகாப்பு. தொட்டபின் கை கழுவ வேண்டும். பிற்காலச் செப்புக்காசில் மகுடத்தின் கீழ் அரசர் பெயரின் பின்னல் முத்திரை, மறுபக்கம் எத்தனை 'காஸ்' என்ற மதிப்பு. இவற்றுக்கு வகைப் பட்டியல் தெளிவாக இருப்பதால் கிரேடிங்கில் ஓரளவு பொருள் உண்டு.

நாகையில் வேறு குழப்பம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் விஓசி (VOC) முத்திரையும் ஆண்டும் போட்ட செப்புக்காசுகளை 'நாகப்பட்டினக் காசு' என்று விற்கிறார்கள். மறுபக்கம் மாகாணக் கேடயச் சின்னம் இருந்தால் அது நெதர்லாந்தில் அச்சடித்துக் கப்பலில் வந்தது. நாகையில் போட்ட சிறு செப்புக்காசில் ஊர்ப் பெயர் தமிழிலேயே இருக்கும்.

ஸ்லாப் தன் விலைக்கு உழைப்பது பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயில்தான், ஏனென்றால் போலி அங்கேதான் அதிகம். நல்ல ரூபாய் 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக முக்குங்கள். தராசு 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். 1.3-க்கு மேல் போனால் அது ஜெர்மன் சில்வர் மாதிரியான கலவை. அரிதான 1939 ரூபாய்க்கும் இது உதவும். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்ததால், அந்தக் காலக் காசில் ஆண்டைத் திருத்தியிருந்தால் 1.22 பக்கம் காட்டிக்கொடுக்கும். 1938-ஐத் திருத்தியிருந்தால் எடை காட்டாது. 10 மடங்கு லென்ஸில் கடைசி எண்ணின் அடிப்பகுதியில் உளித்தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் கோத்துப் போட்ட ரூபாய் இங்கே பல வீடுகளில் உண்டு. வளையத்தை எடுத்த பிறகும் விளிம்பில் பற்றவைத்த தடம் நிற்கும். அதற்கு எண் கிடைக்காது, அனுப்பிச் செலவழிக்க வேண்டாம்.

ஸ்லாபிலும் போலி உண்டு. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடினால் மட்டும் போதாது. உண்மையான எண்ணையே போலி லேபிளில் அச்சடிக்கிறார்கள். அங்கே காசின் படம் இருந்தால், அதிலுள்ள கீறலும் கறையும் கையிலிருப்பதோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

சட்டத்தைப் பற்றி குரூப்களில் பேசுவதே இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆகவே கிரேடிங்குக்கு வாங்கிக்கொள்ளும் முகவரிடம், காசு எந்த ஊரில் பார்க்கப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-லிருந்து சட்டம்.

2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 5 ரூபாய்க் காசை 'லட்சம் போகும்' என்று சுற்ற விடுகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் காசு அது. கிரேடிங் கட்டணமே அதன் விலையைவிடப் பல மடங்கு வரும். இப்படி விற்றுத்தருவதாகச் சொல்லி, முன்பணமோ கமிஷனோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

ஸ்லாப் லேபிளில் இடமில்லாத தகவல் ஒன்று உண்டு: காசு எங்கே கிடைத்தது. 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயரைத் தமிழ்-பிராமியில் எழுதிய செப்புக்காசைக் காசு ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் படித்து வெளியிட்டபோது, அதன் மதிப்பு அந்த எழுத்தில் இருந்தது. எத்தனை மார்க் என்று யாரும் கேட்கவில்லை. யானையும் புலியும் உள்ள சதுரச் சோழக் காசு ஒன்று உங்களிடம் வந்தால், கொடுத்தவரிடம் ஊர், ஆறா வயலா, கூட என்ன கிடைத்தது, எந்த ஆண்டு என்று அன்றைக்கே கேட்டு, உறைக்குள் தனித் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். மை ஈரத்தில் ஊறிக் காசில் ஏறும். கிடைத்த இடம் தெரியாவிட்டால் வாங்கிய கடைத்தெருவையும் தேதியையும் எழுதுங்கள். 'கும்பகோணம்' என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். டெல்டா முழுவதும் கிடைப்பது அங்கே விற்பனைக்கு வருவதால் அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது.