கறுப்பின இலக்கியத்தில் ஜெபமும் பள்ளிக்கூடமும்: எம்.ஏ. தேர்வுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் மூன்றாவது செமஸ்டரில் ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம் எங்களுக்கு விருப்பப் பாடம். பள்ளிகளில் நடந்த இனப்பிரிவினையை எழுதிய கறுப்பின எழுத்தாளர்களிடம் இறைநம்பிக்கை எப்படி வெளிப்படுகிறது என்று முதல் இன்டர்னல் தேர்வில் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் எழுதினேன். துன்பப்பட்டார்கள், கடவுளை நம்பினார்கள், அந்த நம்பிக்கை ஆறுதல் கொடுத்தது, இதையே வெவ்வேறு வாக்கியங்களில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தேன். 25க்கு 9 மதிப்பெண் வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "அந்தப் பிள்ளைகள் மேல் துப்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்கள்?"

துப்பிய வெள்ளையர்களும் சர்ச்சுக்குத்தான் போனார்கள். அதே பைபிள், அதே இயேசு, அதே பாட்டுகள். இது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது, பிடிபட்ட பிறகு பாடத்திட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. இந்தப் பாடத்தை இப்போது எடுத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். நம்பிக்கை என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் யார் ஜெபிக்கிறார், எதற்காக ஜெபிக்கிறார், எதிரே நிற்பவரும் அதே கடவுளைத்தான் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

வரலாற்றுப் பின்னணிக்கு அதிக நாள் செலவழிக்க வேண்டாம். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பினரையும் வெள்ளையரையும் 'தனித்தனியாக, ஆனால் சமமாக' வைக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில், பள்ளிகளைப் பொறுத்தவரை அது செல்லாது என்றது. இவ்வளவு எல்லா கைடிலும் இருக்கும். கைடில் அநேகமாக இல்லாதது, அந்த வழக்குக்குப் பெயர் தந்த ஆலிவர் பிரவுன் டொபீகா நகரில் ரயில்வேயில் வெல்டராக வேலை பார்த்துக்கொண்டே ஒரு கறுப்பின மெதடிஸ்ட் சர்ச்சில் உதவிப் போதகராகவும் இருந்தவர் என்பது. அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட தென் கரோலினா வழக்கின் பின்னால் இருந்த ஜோசப் டிலேனும் போதகர்தான், அவருடைய வீட்டை எரித்தார்கள், சில ஆண்டுகள் கழித்து அவருடைய சர்ச்சையும் எரித்தார்கள். ஆறுதலுக்காக மட்டும் சர்ச்சுக்குப் போனவர்கள் இவர்கள் என்று நான் எழுதியது எவ்வளவு தவறு என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் லிட்டில் ராக். ஆர்கன்சா மாநிலத்தின் இந்த ஊரை நன்றாகப் படித்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேரப் போனபோது ஆளுநர் ஃபாபஸ் மாநிலக் காவல்படையை வைத்து மறித்தார், கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவத்தின் 101ஆம் வான்குடைப் படைப்பிரிவின் வீரர்களை அனுப்பித்தான் அவர்களை உள்ளே கொண்டுபோக முடிந்தது. முதல் நாளான செப்டம்பர் 4 அன்று எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற 15 வயதுப் பெண் எதிர்த்துத் திரண்டிருந்த வெள்ளையர் கும்பலுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டார். அன்று காலை அவருடைய அம்மா வீட்டில் எல்லோரையும் கூட்டி ஜெபித்துவிட்டுத்தான் அவரை அனுப்பியிருந்தார். கும்பலில், முகத்தில் கருணை தெரிந்த ஒரு வயதான பெண்மணியை உதவிக்காகப் பார்த்தார் எலிசபெத். அந்த அம்மாள் அவர் மேல் துப்பினார். மேடம் ஏன் அந்தச் சொல்லைப் போட்டார் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இதே ஊரைப் பற்றி கறுப்பினக் கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் எழுதிய நீண்ட கவிதை ஒன்று 1960இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது, சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினப் பத்திரிகை லிட்டில் ராக்குக்கு அனுப்பும் நிருபர் பேசுவதுபோல. அவர் அங்கே அரக்கர்களைத் தேடிப் போகிறார். ஆனால் கண்ணில் படுகிறவர்கள் பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நன்றாக உடுத்திக்கொண்டு பக்திப் பாடல்கள் பாடுகிறார்கள், கிறிஸ்துமஸ் வந்தால் மரம் வைப்பார்கள். எல்லா ஊர் மக்களையும் போலத்தான் இருக்கிறார்கள். இதை எப்படிச் செய்தியாக்கி அனுப்புவது என்று அவர் திணறுகிறார். கடைசி வரியில் கவிதை இயேசுவையே கும்பலால் கொல்லப்பட்டவர்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதாவது அந்த ஊர் பாடித் துதிக்கும் கடவுள், அந்த ஊர் துரத்தும் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறார். மேடத்தின் கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கூடவே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றின் பின்னிணைப்பையும் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். கிறிஸ்துவின் கிறிஸ்தவம் வேறு, இந்த நாட்டின் கிறிஸ்தவம் வேறு என்று அவர் அப்போதே பிரித்துக் காட்டிவிட்டார். எந்தக் கட்டுரைக்கும் இது நல்ல தொடக்கம்.

அந்த ஒன்பது பேரில் ஒருவரான மெல்பா பட்டிலோ பீல்ஸ் 1994இல் எழுதிய நினைவுக்குறிப்பான 'வாரியர்ஸ் டோன்ட் க்ரை' எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது. மெல்பா அந்த வருடம் முழுக்க அடி வாங்குகிறார், கண்ணில் அமிலம் வீசுகிறார்கள், பக்கத்தில் இருந்த ராணுவ வீரர் உடனே தண்ணீர் விட்டுக் கழுவியதால் பார்வை தப்பியது. வீட்டில் பாட்டி இந்தியா, ஆமாம் பெயரே அதுதான், கடவுளின் போர்வீரர்கள் அழமாட்டார்கள் என்று சொல்லி வளர்க்கிறார், புத்தகத்தின் தலைப்பு அதிலிருந்து வந்தது. பேத்திக்குக் காந்தியைப் படிக்கச் சொன்னதும் இந்தப் பாட்டிதான். அதே பாட்டி ராத்திரியில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் காவல் இருக்கிறார்! பைபிளும் துப்பாக்கியும் ஒரே ஆளிடம் இருப்பதை முரண்பாடு என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். என் பார்வையில் அந்தப் பாட்டிக்கு இரண்டும் ஒரே வேலை, பிள்ளையை உயிரோடு நாளைக்குப் பள்ளிக்கு அனுப்புவது. அழக்கூடாது என்ற அந்தப் பாடம் ஒரு 15 வயதுப் பெண்ணிடம் எவ்வளவு கேட்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதற்குச் சான்று புத்தகம் முழுக்கக் கிடைக்கும்.

எனக்குப் பெரிய தடையாக இருந்தது பைபிள். நான் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை, ஒரு வரி வந்தால் அது பைபிளிலிருந்து வருகிறது என்றே தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் தமிழ் பைபிள் இரவல் வாங்கினேன். அவர்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை, அதனால் பழைய மொழிபெயர்ப்பு. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் வெளியேறும் பகுதி அதில் 'யாத்திராகமம்' என்று இருக்கும். பிறகு ஒரு கத்தோலிக்கத் தோழியிடம் பொது மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், அங்கே அதே நூலுக்குப் பெயர் 'விடுதலைப் பயணம்'. அந்தத் தலைப்பே எனக்குப் பாடம் நடத்திவிட்டது. அடிமைகளாக இருந்தவர்கள் இந்தக் கதையை ஏன் தங்கள் கதையாகப் பாடினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. முழு பைபிளையும் படிக்க வேண்டியதில்லை. யாத்திராகமத்தின் முதல் 15 அதிகாரங்கள், சில சங்கீதங்கள், மத்தேயுவில் மலைப்பிரசங்கம், சிலுவைப்பாடு, இவ்வளவு போதும். இரண்டு சாயங்காலங்களில் முடியும்.

கறுப்பின எழுத்தாளர் மாயா ஆஞ்சலூவின் முதல் தன்வரலாற்றில் 1940 பட்டமளிப்பு விழா வரும் அத்தியாயத்தைக் கட்டாயம் படியுங்கள். ஸ்டாம்ப்ஸ் ஊரின் கறுப்பினப் பள்ளி, பிள்ளைகள் புது உடையில் பூரித்து நிற்கிறார்கள். சிறப்பு விருந்தினராக வந்த வெள்ளைக்காரர், வெள்ளையர் பள்ளிக்கு ஆய்வுக்கூடக் கருவிகள் வரப்போவதையும் இவர்களுடைய பள்ளியிலிருந்து நல்ல விளையாட்டு வீரர்கள் வந்ததையும் பேசிவிட்டுப் போகிறார். கூட்டம் முழுவதும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது ஹென்றி ரீட் என்ற மாணவன் திரும்பி நின்று 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' பாட ஆரம்பிக்கிறான், எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்தப் பாட்டை எழுதிய ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் புளோரிடாவில் ஒரு கறுப்பினப் பள்ளியின் தலைமையாசிரியர். 1900இல் அதை முதலில் பாடியது 500 பள்ளிப் பிள்ளைகள். கடைசிப் பகுதி கடவுளை நோக்கிய ஜெபம். பிரித்து வைக்கப்பட்ட பள்ளிக்குள் பிறந்த ஜெபம் இன்னொரு பிரித்து வைக்கப்பட்ட பள்ளியைத் தூக்கி நிறுத்துகிறது. இதை நான் செமஸ்டர் தேர்வில் ஒரு பத்தியாக எழுதினேன்.

மில்ட்ரெட் டெய்லரின் மிசிசிப்பி நாவலில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கே 'கிரேட் ஃபெய்த்' என்றுதான் பெயர். அங்கே அவர்களுக்குத் தரப்படும் பாடப்புத்தகம் வெள்ளைப் பிள்ளைகள் பல வருடம் பயன்படுத்திக் கிழிந்தது, அட்டைக்கு உள்ளே ஒட்டிய பட்டியலில் புத்தகத்தின் நிலையும் வாங்கியவரின் இனமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலைத் தாள் ஒட்டி மறைக்கிற ஆசிரியை, நாவல் சொல்லும் கறுப்பினக் குடும்பத்தின் தாய்தான்.

ரூபி பிரிட்ஜஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ், ஆறு வயதுக் கறுப்பினக் குழந்தை, கூட்டாட்சிக் காவலர்கள் சூழ வெள்ளையர் பள்ளிக்கு நடந்து போகிறாள், தன்னைத் திட்டும் கும்பலை மன்னிக்கச் சொல்லி ஜெபிக்கிறாள். பரவலாகத் தெரிந்த இந்த ஜெபக் கதையை எழுதியவர் ராபர்ட் கோல்ஸ் என்ற வெள்ளை மனநல மருத்துவர். ரூபியே 1999இல் எழுதிய 'த்ரூ மை ஐஸ்' புத்தகத்தில், கும்பல் ஒரு கறுப்புப் பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்துக் காட்டியது தன்னை எவ்வளவு பயமுறுத்தியது என்று சொல்கிறார். இரண்டையும் வைத்து எழுதினால்தான் விடை முழுமையாகும். மன்னிப்பை மட்டும் எழுதினால் பயந்த குழந்தை காணாமல் போய்விடுகிறாள்.

சரி, தேர்வு அறைக்கு வருவோம். பத்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டு படைப்புகள் போதும், ஐந்தை இழுத்தால் எல்லாம் கதைச்சுருக்கம் ஆகிவிடும். ஒவ்வொரு படைப்பிலும் ஒரே ஒரு காட்சியை எடுத்து, அதில் ஜெபிப்பவர் யார், எதிரில் யார், அந்த ஜெபம் அவரை அடுத்து என்ன செய்ய வைக்கிறது என்று எழுதுங்கள். மேற்கோள் நினைவில் இல்லையென்றால் சொந்த வார்த்தையில் எழுதலாம், தப்பான மேற்கோளுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். இழிவாகப் பயன்பட்ட பழைய இனச்சொற்கள் மேற்கோளுக்குள் மட்டும் வரட்டும், உங்கள் வாக்கியத்தில் கறுப்பின மக்கள் என்றே இருக்கட்டும்.

புத்தகங்கள் கையில் கிடைக்க நாளாகும் என்றால் புரூக்ஸ் கவிதையில் ஆரம்பியுங்கள். முதல் தடவை வாய்விட்டுப் படியுங்கள், அர்த்தம் தேட வேண்டாம். இரண்டாம் தடவை அந்த ஊர்க்காரர்கள் செய்யும் நல்ல காரியங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே கடைசி வரிக்குப் போங்கள்.