காணாமல் போன புள்ளி

"அப்பா, இடது கண்ணை மூடிக்கோ. கூட்டல் குறியை மட்டும் பாரு."

மகள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி. எட்டு சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம், ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தி வரைந்த கறுப்புப் புள்ளி. தாளை மெல்ல என் முகத்தருகே கொண்டுவந்தாள்.

சுமார் முப்பது சென்டிமீட்டர் இருக்கும்போது புள்ளி காணாமல் போனது.

மங்கவில்லை, கலங்கவில்லை. அங்கே வெறும் வெள்ளைத்தாள்தான். இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் திரும்ப வந்துவிட்டது.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. 1660களில் பிரான்ஸைச் சேர்ந்த எட்மே மரியோட் கண்டுபிடித்தது இது. பள்ளியில் 'குருட்டுப்புள்ளி' என்று படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். செய்து பார்த்ததில்லை.

அப்புறம் அவள் அந்தப் புள்ளி வழியாக நீளமாக ஒரு கோடு இழுத்தாள். மறுபடி பார்த்தேன். புள்ளி மறைந்தது, கோடு மட்டும் அறுபடாமல் ஓடியது!

அந்த இடத்திலிருந்து கண் எதையும் அனுப்பவில்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்துவிடும், சரி. ஆனால் ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் உலகத்தில் எங்கும் ஓட்டை தெரிவதில்லையே.

"என் கண்ணால பார்த்தேன்" என்று எத்தனை சண்டைகளில் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அவள் அதற்குள் புள்ளி இருந்த இடத்தில் என் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டாள்.