அம்மாவுக்காக ஒரு சின்னக் கார்: கடன் கணக்கு நாட்குறிப்பு

மார்ச் 1, சனி

அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. போக வர வாடகை வண்டிக்குக் கொடுத்ததையெல்லாம் அம்மா ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இன்று அதைக் கூட்டிப் பார்த்தேன். பிப்ரவரியில் மட்டும் ஒரு சின்னக் காரின் தவணையில் முக்கால்வாசி வாடகைக்கே போயிருக்கிறது. கார் வாங்குவது என்று முடிவு செய்தாயிற்று.

டிசம்பரிலிருந்தே ஒரு ஒத்திகை நடக்கிறது. மாதம் எவ்வளவு டியூ கட்ட முடியும் என்று தோன்றியதோ, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். அதோடு பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ், டயர் என்று இன்னொரு தொகையும். முதல் மாதம் கை கடித்தது. இரண்டாம் மாதம் தொகையைக் குறைத்தேன். மூன்றாம் மாதம் மூச்சு முட்டாமல் போனது. அந்த மூன்றாம் மாதத் தொகைதான் என் எல்லை. சேர்ந்த பணம் முன்பணத்துக்கு ஆகும். பழைய சேமிப்பையும் சேர்த்தால் காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு தேறும்.

மார்ச் 8, சனி

முதல் ஷோரூம். உட்கார்ந்ததும் விற்பனைப் பிரிவுத் தம்பி கேட்ட கேள்வி: "மாசம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?"

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகுதான் புரிந்தது. அவர் கால்குலேட்டரைத் தட்டினார், ஒரு தாளில் எண்ணை எழுதினார், நீல மையால் வட்டம் போட்டார். என் எல்லைக்கு நூறு குறைவான ஒரு தவணை. தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அந்தத் தாளில் காரின் விலை இல்லை, எத்தனை மாதம் என்று இல்லை, வட்டி இல்லை. வட்டத்துக்குள் ஒரே ஒரு எண்.

"வட்டி எவ்வளவு?" என்றேன்.

"ஏழு பர்சென்ட்தான் மேடம். பேங்க்ல ஒன்பது சொல்வாங்க."

தாளை வாங்கி வந்துவிட்டேன். நாளைக்குக் கணக்குப் போட வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து இதுதான் வேலை. எல்லாவற்றையும் 1 லட்சம் கடனுக்கு, 60 மாதத்துக்கு என்று ஒரே அளவில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை நிறுத்திப் பார்க்க முடிகிறது.

ஷோரூமில் சொன்ன 7 சதவீதம் பிளாட் வட்டி. 1 லட்சத்துக்கு வருடம் 7,000. ஐந்து வருடத்துக்கு 35,000. மொத்தம் 1,35,000. அறுபதால் வகுத்தால் மாதம் 2,250.

வங்கி சொல்லும் 9 சதவீதம் குறையும் வட்டி, டிமினிஷிங் என்பார்களே அது. மாதத் தவணை சுமார் 2,076. ஐந்து வருடத்தில் மொத்த வட்டி 24,550 அளவில்.

ஏழை விட ஒன்பது மலிவு! முதலில் நான் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். இல்லை. காரணம் எளிது. மாதா மாதம் அசலில் கொஞ்சம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். நாலாவது வருடம் நம் கையில் இருப்பது கடனில் ஒரு பகுதிதான். பிளாட் வட்டியில் அப்போதும் முழு 1 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள், திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து. அந்த 7 சதவீத பிளாட்டைக் குறையும் வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 12.5 சதவீதம் வருகிறது.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஏழு என்பது ஏழுதான். ஆனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஒன்பது வேறு ஜாதி எண். இனி எங்கே போனாலும் வாயைத் திறந்ததும் கேட்கப் போவது இரண்டு: பிளாட்டா, டிமினிஷிங்கா? கடைசித் தவணை வரைக்கும் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? மாதம் எவ்வளவு முடியும் என்பதை நான் முதலில் சொல்லப் போவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கிரெடிட் அறிக்கையை, அதாவது வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, எடுத்துப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் கட்டி முடித்த ஒரு சின்னக் கடன் இன்னும் பாக்கி என்றே நிற்கிறது. நல்லவேளை, அப்போது வாங்கிய நிலுவை இல்லாச் சான்று பழைய ஃபைலில் இருந்தது. திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன். கடனுக்கு விண்ணப்பித்த பிறகு இது தெரிந்திருந்தால் கூடுதல் வட்டி போட்டிருப்பார்கள், நானும் காரணம் தெரியாமல் தலையாட்டியிருப்பேன். இது தீரும் வரை எங்கும் விண்ணப்பம் போடப் போவதில்லை. ஒரே சமயத்தில் பல இடங்களில் போட்டால் அதுவும் அறிக்கையில் பதிவாகும். கொட்டேஷன் மட்டும் கேட்பது.

மார்ச் 15, சனி

லீஸ் நாள். அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் அக்கா, "அதையும் ஒரு தடவை பாரு, மாசத் தொகை பாதியா இருக்கும்" என்றார். லீஸ் கம்பெனியில் பேசியவர் பொறுமையாகச் சொன்னார். லீஸில் நாம் காரின் முழு விலையைக் கட்டுவதில்லை. கார் நம்மிடம் இருக்கும் காலத்தில் அதன் மதிப்பு எவ்வளவு இறங்குமோ அதைக் கட்டுகிறோம். கூடவே, அவர்கள் முதல் போட்டிருக்கிறார்களே, அதற்கு வட்டி.

விலை 1 லட்சம், மூன்று வருடம் கழித்து 55,000 மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் இறக்கம் 45,000. முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 1,250. வட்டிக்கு 1,00,000-க்கும் 55,000-க்கும் நடுவில் 77,500 என்று எடுத்து, 9 சதவீதத்தில் மாதம் 581. ஆக 1,831, வரி தனி. அதே விலையை மூன்று வருடக் கடனாக வாங்கினால் மாதம் 3,180. அக்கா சொன்னது ஏறக்குறைய சரி.

ஆனால் கடனில் மூன்று வருடம் முடிந்ததும் கார் என்னுடையது. லீஸில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் நியாயமாக ஒப்பிட வேறு மாதிரி போட்டேன். ஐந்து வருடக் கடன் வாங்கி, மூன்றாம் வருட முடிவில் காரை விற்றுக் கடனை அடைத்தால்? அதுவரை கட்டியது சுமார் 74,700. பாக்கி 45,400. கார் 55,000-க்குப் போனால் கடன் போக 9,600 கையில். நிகரச் செலவு 65,200 அளவில். லீஸில் 36 மாதமும் கட்டுவது, வரி சேர்க்காமல், 65,900.

இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! வட்டி ஒன்றாக இருந்தால் லீஸில் தனி மலிவும் கிடையாது, தனி நஷ்டமும் கிடையாது. கார் எதிர்பார்த்ததை விடக் குறைந்த விலைக்குப் போனால் அந்த இழப்பு யாருக்கு என்பதில்தான் வித்தியாசம். லீஸில் அது அவர்களுக்கு. அடிக்கடி கார் மாற்றுகிறவர்களுக்கு, மறுவிற்பனைத் தலைவலி வேண்டாம் என்கிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

நாங்கள் அப்படி இல்லை. குறைந்தது பத்து வருடம் ஓட்டுவோம். கிலோமீட்டர் கணக்கும் உண்டு. மருத்துவமனை போக வர 28, வாரம் மூன்று முறை, வருடத்துக்கு 4,368. அலுவலகம் போக வர 22, 240 நாளுக்கு 5,280. இதிலேயே 9,648. அவர்கள் வரம்பு 12,000. தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். தங்கை வீட்டுக்கு நாலு தடவை போய் வந்தால் வரம்பைத் தொட்டுவிடும்.

முடிவு செய்ததென்னவோ வேறு ஒரு விஷயம். அம்மா ஏறி இறங்க கதவுக்கு மேல் கெட்டியான கைப்பிடி ஒன்று பொருத்த வேண்டும், அதற்கு இரண்டு துளை போட வேண்டும். "துளை போடலாமா?" என்று கேட்டேன். "திருப்பித் தரும்போது எப்படி வந்ததோ அப்படியே இருக்கணும் மேடம், இல்லாட்டி சேதக் கணக்குல வரும்" என்றார். நேராகச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்னொரு ஷோரூமில் 0 சதவீத வட்டி, 36 மாதம். அதே காரை நம் சொந்த ஏற்பாட்டில் பணம் கொடுத்து வாங்கினால் விலையில் 10 சதவீதம் தள்ளுபடி. இரண்டும் சேர்த்துக் கிடையாது.

அப்படியானால் 90,000-க்குக் கிடைக்கும் காருக்கு 1 லட்சத்தைத் தவணையாகக் கட்டுகிறேன். மாதம் 2,778. அந்தத் தள்ளுபடி போனதை வட்டியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7 சதவீதம். பூஜ்யம் இல்லை. ஆனாலும் வங்கியின் ஒன்பதை விடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்: 90,000-ஐ 9 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் 2,862 வரும். மூன்று வருடத் தவணை தாங்குகிறவர் இதை எடுக்கலாம். என் எல்லைக்குள் அது வரவில்லை. தள்ளுபடியை வாங்கிக்கொண்டு ஐந்து வருட வங்கிக் கடன்: 1,868. இது வருகிறது.

மார்ச் 20, வியாழன்

கிரெடிட் அறிக்கை திருந்திவிட்டது.

வங்கியில் ஏழு வருடம் எடுக்கச் சொல்கிறார்கள். 1 லட்சத்துக்கு 2,076-க்குப் பதில் 1,609. மாதம் 467 மிச்சம். அண்ணனும் ஃபோனில், "ஏன் இழுத்துப் பிடிக்கிற, ஏழு வருஷமே போடு" என்றான். மிச்சமான பணம் அம்மாவின் மருந்துக்கு ஆகும் என்று எனக்கும் ஆசை வந்தது.

வட்டி 24,550-லிருந்து 35,150 ஆகிறது. அதைவிட என்னை நிறுத்தியது வேறு. இரண்டு வருடம் கட்டிய பிறகு ஐந்து வருடக் கடனில் பாக்கி 65,300. ஏழு வருடக் கடனில் 77,500. இரண்டு வருடத்தில் ஏதாவது ஆகி காரை விற்க வேண்டி வந்தால், விற்ற பணம் கடனுக்கே போதாமல் போகலாம். கார் மோதி முழுச் சேதம் என்றாலும் அப்படித்தான். காப்பீட்டில் வருவது அன்றைய மதிப்பு, கடன் பாக்கி எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பதில்லை. காரும் இல்லாமல் கடனும் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும்.

அண்ணனிடம் இந்த இரண்டு எண்ணையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அஞ்சே போடு. முடியாத மாசம் என்கிட்ட சொல்லு" என்றான்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மாவை அழைத்துப் போய் மூன்று கார்களில் உட்கார வைத்துப் பார்த்தோம். முதல் காரில் இருக்கை தாழ்வு. உட்கார்ந்தவள் எழ முடியாமல் என் தோளைப் பிடித்தாள். இரண்டாவதில் கதவு முழுசாகத் திறக்கவில்லை. மூன்றாவதில் முதுகைத் திருப்பி, இருக்கை விளிம்பில் அமர்ந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்தது அப்படியே. இருக்கை அவள் முழங்காலை விடக் கொஞ்சம் உயரம். "இது போதும்" என்றாள். மூன்றில் விலை குறைந்ததும் அதுதான்.

பழைய காரும் பார்த்தோம். விலை குறைவு, ஆனால் பழைய காருக்கு நான் கேட்ட இடங்களில் வட்டி அதிகம், காலமும் குறைவு. தவணை புதுக் காருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

மார்ச் 29, சனி

கையெழுத்து நாள். இதைக் கோபம் தணிவதற்கு முன் எழுதுகிறேன்.

பேசிய வட்டி சரி, காலம் சரி. தவணை மட்டும் நான் போட்ட கணக்கை விட 60 கூடுதல். "வரி எல்லாம் சேர்ந்து மேடம்" என்றார் கடன் பிரிவு ஊழியர். தவணைக்கு என்ன வரி? கடன் தொகையைப் பார்த்தேன். அங்கே இருந்தது. நான் கேட்காத ஒரு கடன் பாதுகாப்புக் காப்பீடு, முழுப் பிரீமியமும் கடனோடு கூட்டி. ஐந்து வருடமும் அதற்கும் வட்டி.

"எல்லாருக்கும் போடறதுதான் மேடம். அதை நீக்கினா இந்த ரேட் கிடைக்குமான்னு தெரியாது."

"கட்டாயம்னா அதை எழுதிக் கொடுங்க."

உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வேறு தாளோடு வந்தார். காப்பீடு இல்லை, வட்டி அதே 9. பிராசசிங் கட்டணத்தையும் குறைக்கக் கேட்டேன், பாதியாக்கினார்கள். அப்படியொரு காப்பீடு வீட்டில் ஒரே சம்பளம் இருக்கிறவர்களுக்குத் தேவையாகவே இருக்கலாம். எனக்கு ஏற்கெனவே ஆயுள் காப்பீடு இருக்கிறது. கேட்காமல் சேர்த்ததுதான் மனசைச் சுட்டது. நான் கணக்குப் போடாமல் வந்திருந்தால் மாதம் 60 என்பது கண்ணில் பட்டிருக்காது.

நிரப்பாத கட்டங்கள் மூன்று இருந்தன. "அப்புறம் நாங்க போட்டுக்கறோம்" என்றார்கள். குறுக்குக் கோடு போட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதைப் படித்தேன்: முதல் வருடத்துக்கு உண்டு, பிறகு இல்லை. மாதவாரித் தவணை அட்டவணையை அச்சிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

கார் வந்துவிட்டது. முதல் தவணை அடுத்த மாதம் 5-ம் தேதி. அட்டவணையை அம்மா தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னாள். முதல் வரியில் 1 லட்சத்துக்கு 750 வட்டி, 1,326 அசல். "அசல் எப்ப வட்டியோட ரெண்டு மடங்காகும்?" என்று கேட்டாள். விரலை ஓட்டிப் பார்த்தோம், ஏழாவது தவணையில்.

மதியம் மெக்கானிக் வந்து கைப்பிடியைப் பொருத்தினார். துளை போடும் சத்தத்தில் எனக்குத்தான் நெஞ்சு பதறியது, புது வண்டியாயிற்றே. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் எழுந்து வந்து, கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, என் தோளைத் தொடாமல் ஏறி உட்கார்ந்தாள். வாடகைக் கணக்கு நோட்டில் கடைசித் தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி "பெட்ரோல்" என்று எழுதியிருக்கிறாள்.